வலிப்புக்கு ஏற்றும் லெவெடிராசிட்டம் ஊசி: ஜெனரிக் குப்பியை நம்பலாமா?

வலிப்பு நிற்காமல் தொடரும்போது ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் லெவெடிராசிட்டம் ஊசியைப் பற்றி எழுதுகிறேன். நான் பினாங்கில் தாதி. முதலில் செபராங் பிறைப் பக்கம் ஓர் அரசாங்க மருத்துவமனையில் இருந்தேன், இப்போது தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறேன். மருந்தை முதலில் கொண்டுவந்த கம்பெனியின் பிராண்டு குப்பி, அதே மருந்தை மற்ற கம்பெனிகள் தயாரிக்கும் ஜெனரிக் குப்பி இரண்டையும் என் கையாலேயே உடைத்து, கலந்து, ஏற்றியிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊசியைப் பொறுத்தவரை ஜெனரிக் தாராளமாகப் போதும். எந்தக் கம்பெனி மருந்து என்று விசாரிக்கிற நேரத்தில், அது எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது, டாக்டர் சொன்ன அளவு முழுசாக ஏறுகிறதா என்று கேளுங்கள். ஆளைக் காப்பாற்றுவது அதுதான்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம், வார்டில் நம் ஆட்கள் படுகிற பயம். ‘ஒரிஜினல்’ கிடைக்கவில்லையே என்று அழுகிறார்கள். மலிவு மருந்து போட்டுத் தம்பியை ஏமாற்றிவிட்டார்களோ, அப்பாவுக்கு இன்னும் நல்ல மருந்து இருக்குமோ என்று ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அந்தப் பயத்துக்கு அவசியமே இல்லை.

முதலில் மருந்தின் கதை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யூ.சி.பி. நிறுவனம் ‘கெப்ரா’ என்ற பெயரில் கொண்டுவந்த மருந்து இது. அமெரிக்காவில் மாத்திரைக்கு 1999-லும் ஊசிக்கு 2006-லும் அனுமதி கிடைத்தது. 2008 கடைசியில் அங்கே ஜெனரிக் மாத்திரை வந்தது. அப்புறம் ஊசிக்கும் வந்துவிட்டது. எங்கள் மருந்தகத்தில் கொள்முதல் மாறும்போதெல்லாம் குப்பியில் வேறொரு கம்பெனியின் பெயர் இருக்கும். மூடியின் நிறம் மாறும், லேபிளின் எழுத்து மாறும். உள்ளே இருக்கிற தண்ணீர் போன்ற திரவம் மாறுவதில்லை.

குப்பியைக் கையில் எடுத்தால் சின்னதாகத்தான் இருக்கும். 5 மில்லி லிட்டரில் 500 மில்லி கிராம். நிறமில்லாத தெளிந்த திரவம், மேலே ரப்பர் அடைப்பு, அதன்மேல் கட்டைவிரலால் தட்டினால் கழன்று வரும் பிளாஸ்டிக் மூடி. மருந்தோடு சேர்ந்திருப்பது உப்பு, சோடியம் அசிட்டேட், கொஞ்சம் அசிட்டிக் அமிலம், ஊசிக்கான தூய நீர். அவ்வளவுதான். ரப்பரைத் துடைத்து, ஊசியில் உறிஞ்சி, 100 மில்லி லிட்டர் சலைன் பையில் கலந்து 15 நிமிடத்தில் ஏற்றுவது வழக்கம். அவசரமென்றால் டாக்டர் இன்னும் வேகமாக ஏற்றச் சொல்வார். சலைன் இல்லாவிட்டால் டெக்ஸ்ட்ரோஸ், ரிங்கர் லாக்டேட் எதிலும் கலக்கலாம், கோபித்துக்கொள்ளாத மருந்து. குளிர்பெட்டியில் வைக்க வேண்டியதும் இல்லை.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். பழைய வலிப்பு மருந்தான ஃபெனிடோயின் ஊசியை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் பல இடங்களில் அது இருக்கிறது, அதுவும் உயிர் காக்கிற மருந்துதான்.

ஃபெனிடோயின் வலிப்பை அடக்கும் என்று அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இரண்டு மருத்துவர்கள் 1938-ல் காட்டினார்கள். எத்தனையோ காலமாக ஜெனரிக்காகவே கிடைக்கிறது, விலையும் குறைவு. சிக்கல் என்னவென்றால் அது தண்ணீரில் லேசில் கரையாது. கரைய வைப்பதற்காக ஊசியில் 40 சதவீதம் புரொப்பிலீன் கிளைக்கால், 10 சதவீதம் ஆல்கஹால் சேர்த்து, காரத்தன்மையை பி.எச். 12 வரை ஏற்றி வைத்திருக்கிறார்கள். சவர்க்காரக் கரைசலைவிட அதிகக் காரம் அது. அதை நேராக ரத்தக் குழாயில் விடுகிறோம். டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் மருந்து படிகமாகத் திரிந்துவிடும், சலைனில் மட்டும்தான் கலக்க வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மில்லி கிராமுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் ரத்த அழுத்தம் இறங்கும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் ஈ.சி.ஜி. மானிட்டரை மாட்டி, ஓர் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். 60 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 20 மில்லி கிராம் என்றால் 1200 மில்லி கிராம். முழு வேகத்தில் விட்டாலே 24 நிமிடம். வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது 24 நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று படுக்கை ஓரம் நிற்கிறவர்களுக்குத் தெரியும்.

அதைவிட நான் அஞ்சுவது கைக்கு வரும் பாதிப்பை. மருந்து குழாயைவிட்டு வெளியே கசிந்தால், சில சமயம் கசியாமலே கூட, ஊசி போட்ட கை வீங்கிக் கருநீலமாகிவிடும். ஒரு பாட்டிக்கு அப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். புறங்கையில், மெல்லிய ரத்தக் குழாயில் ஏற்றியிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை கத்தரிப்பூ நிறம். வளையலை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் பாட்டி வீட்டுக்குப் போகும்போதும் அந்தக் கையால் தட்டைப் பிடிக்க முடியவில்லை. லெவெடிராசிட்டம் ஏற்றிய கையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஃபாஸ்ஃபெனிடோயின் என்று ஒன்று வந்தது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தண்ணீரில் நன்றாகக் கரையும், உடம்புக்குள் போனபின் ஃபெனிடோயினாக மாறும், மூன்று மடங்கு வேகத்தில் ஏற்றலாம். ஆனால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், அளவுக் கணக்கும் குழப்பம்: 75 மில்லி கிராம் ஃபாஸ்ஃபெனிடோயின் 50 மில்லி கிராம் ஃபெனிடோயினுக்குச் சமம். இதயத்தைக் கவனிக்க வேண்டிய வேலையும் தீரவில்லை. நான் வேலை செய்த வார்டுகளில் அது இருந்ததில்லை, அதனால் அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

லெவெடிராசிட்டம் ஃபெனிடோயினைவிட வலுவான மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் ஊசிக்கு, அதாவது டயசெபம், லோராசெபம் வகைக்கு, அடங்காத வலிப்பில் லெவெடிராசிட்டம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்புரோயேட் மூன்றையும் அமெரிக்காவில் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வெளிவந்தது. 384 நோயாளிகள். ஒரு மணி நேரத்தில் வலிப்பு நின்று நினைவும் தேறியவர்கள் முறையே 47, 45, 46 சதவீதம். மூன்றும் ஒன்றுதான். அதே ஆண்டு பிரிட்டனிலும், ஆஸ்திரேலியா நியூசிலாந்திலும் குழந்தைகளுக்கு லெவெடிராசிட்டத்தையும் ஃபெனிடோயினையும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும் ஒன்று மற்றொன்றை வெல்லவில்லை. அந்த அமெரிக்க ஆய்வின்படி எந்த மருந்தைப் போட்டாலும் பாதிப் பேருக்கு மேல் அதோடு அடங்குவதில்லை. அடுத்த மருந்து, தேவைப்பட்டால் ஐ.சி.யூ. என்று போக வேண்டிவரும். அப்படிப் போனால் மலிவு மருந்து போட்டதால்தான் என்று நினைக்க வேண்டாம். அந்த ஆய்வில் அத்தனை கவனிப்புக்கு நடுவிலும் கணக்கு அப்படித்தான் இருந்தது.

அப்படியானால் லெவெடிராசிட்டத்தை நான் ஏன் விரும்புகிறேன்? பலன் சமம், தொல்லை குறைவு. இதயத்தைப் பெரிதாகப் படுத்துவதில்லை, கையைக் கெடுப்பதில்லை, மற்ற மருந்துகளோடு மோதுவது குறைவு. பத்து விதமான மாத்திரை சாப்பிடும் வயதானவர்களுக்கு அது பெரிய நிம்மதி. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு வால்புரோயேட் தருவதற்கு டாக்டர்கள் ரொம்பத் தயங்குவார்கள், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து. அங்கேயும் இந்த மருந்து கைகொடுக்கிறது.

குறைகளும் உண்டு. தாதியாக என் முதல் புகார் குப்பியின் அளவு. கடுமையான வலிப்புக்குக் கிலோவுக்கு 60 மில்லி கிராம், அதிகபட்சம் 4500 வரை டாக்டர் எழுதுவார். 75 கிலோ ஆளுக்கு 9 குப்பி. ஒன்பது மூடி தட்டி, ஒன்பது ரப்பர் துடைத்து, ஒன்பது தடவை உறிஞ்ச வேண்டும். பக்கத்தில் ஆள் இழுத்துக்கொண்டிருக்க, அம்மா கத்திக்கொண்டிருக்க, இரண்டு தாதிகள் சேர்ந்து எண்ணி எண்ணிக் கலக்கிறோம். ஒன்றை விட்டுவிட்டால் அளவு குறைந்துபோகும், அதனால் காலிக் குப்பிகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி இரண்டாவது ஆள் எண்ணிய பிறகுதான் பையை மாட்டுவோம். அமெரிக்காவில் 500, 1000, 1500 மில்லி கிராம் என்று 100 மில்லி லிட்டர் பையில் கலந்தே வருகிறது. அப்படி ஒன்று என் வார்டு அலமாரியில் இருந்தால் நான் கோயிலுக்குத் தேங்காய் உடைப்பேன். ஜெனரிக் கம்பெனிகள் விலையில் போட்டி போடுவதைக் கொஞ்சம் இந்தப் பக்கமும் திருப்பினால் நல்லது.

லேபிளும் அப்படித்தான். ஒரு கம்பெனியின் குப்பியில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டு மருந்தின் பெயரை எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ராத்திரி வெளிச்சத்தில் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் படிக்க வேண்டியிருந்தது. அவசரத்தில் எடுக்கிற மருந்துக்கு இது சரியில்லை. இன்னொரு கம்பெனியின் குப்பியில் மருந்தின் பெயரும் 500 என்ற எண்ணும் தூரத்திலிருந்தே தெரியும். மருந்தின் தரத்தில் வித்தியாசம் இல்லாதபோது, வாங்குகிறவர்கள் இதையாவது பார்த்து வாங்கலாம்.

நோயாளிக்கு வரும் தொல்லை இரண்டு. ஒன்று தூக்கம், தலைசுற்றல். மறுநாள் படுக்கையிலிருந்து இறங்கும்போது கூடவே ஒருவர் இருக்க வேண்டும். இன்னொன்று கோபம். அமைதியான பிள்ளை திடீரென்று தட்டைத் தூக்கி எறியும், மனைவியிடம் எரிந்து விழும், சிலர் ஒன்றும் பேசாமல் சோர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அது அவர்களுடைய குணம் கெட்டுப்போனதால் அல்ல, மருந்தின் விளைவாக இருக்கலாம். அடிக்கவோ திட்டவோ செய்யாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றுவார், இல்லை மருந்தை மாற்றுவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு இன்னும் மோசமாகத் திரும்பும்.

சிறுநீரகம் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இந்த மருந்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்படியே சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். டயாலிசிஸ் செய்தால் நான்கு மணி நேரத்தில் உடம்பில் இருப்பதில் பாதி போய்விடும், அதனால் டயாலிசிஸ் முடிந்ததும் கூடுதலாக ஒரு வேளை கொடுப்பார்கள். நம் மலேசிய இந்தியர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு அதிகம் என்று உங்களுக்கே தெரியும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சிறுநீரகக் கோளாறு இருந்தால் அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாள் எது என்பதையும் சொல்லுங்கள்.

இனி அந்த ‘ஒரிஜினல்’ கேள்வி. சுங்கைப் பட்டாணியிலிருந்து தம்பியைக் கொண்டுவந்திருந்த ஓர் அக்கா, சலைன் பையில் நான் ஒட்டிய லேபிளைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “மிஸி, இது வேற கம்பெனியா இருக்கே. காசு பரவால, ஒரிஜினலே போடுங்க. நகையை அர்-ரஹ்னு அடகுக் கடையில வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்.”

“அக்கா, வலிப்பு நிக்கணும்னா இதுவும் நிறுத்தும், அதுவும் நிறுத்தும். நகையை மீட்கிற காசைப் பத்திரமா வைங்க, தம்பிக்கு மாசா மாசம் மாத்திரை வாங்கணும்” என்றேன். அவர் நம்பவில்லை. மருந்தகத்திலிருந்து மருந்தாளர் வந்து விளக்கிய பிறகுதான் உட்கார்ந்தார். மருந்தாளர் சொன்னதை அப்படியே இங்கே தருகிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் இது தெரிய வேண்டும்.

மாத்திரை என்றால் வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்துக்குப் போக வேண்டும். இரண்டு கம்பெனி மாத்திரை வேறு வேறு வேகத்தில் கரையலாம். அதனால்தான் ஜெனரிக் மாத்திரைக்கு ஆரோக்கியமானவர்களிடம் ரத்த அளவைச் சோதித்து, பிராண்டோடு ஒத்துப்போகிறது என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். ஊசியில் அந்தப் பேச்சே எழாது. மருந்து ஏற்கெனவே தண்ணீரில் கரைந்திருக்கிறது, நேராக ரத்தத்தில் ஏறுகிறது. அதே மருந்து, அதே அளவு, அதே மாதிரிக் கரைசல் என்றால் உடம்புக்குள் இரண்டும் ஒன்றே. பார்க்க வேண்டியது சுத்தமும் தரமும், அதற்குத்தான் அரசாங்கப் பதிவு.

மாத்திரைக்குப் போகும்போது இன்னொரு தகவல். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் வலிப்பு மருந்துகளை மூன்று வகையாகப் பிரித்தது. ஃபெனிடோயின், கார்பமஸெபின், ஃபீனோபார்பிட்டல், பிரிமிடோன் நான்கும் முதல் வகை, ஒரே கம்பெனி மருந்தையே தொடர வேண்டும். வால்புரோயேட், லமோட்ரிஜின் போன்றவை இரண்டாவது, டாக்டர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்வார். லெவெடிராசிட்டம் மூன்றாவது வகை, பொதுவாகக் கம்பெனி மாறினாலும் கவலையில்லை. என் சொந்த எண்ணம், மாத்திரையின் நிறமும் உருவமும் மாறினால் வயதானவர்கள் குழம்பி ஒரு வேளையை விட்டுவிடுவார்கள், அல்லது இரண்டு மடங்கு விழுங்கிவிடுவார்கள். முடிந்தால் ஒரே கம்பெனியாகக் கேட்டு வாங்குங்கள். மாறினால் பயப்படாமல் பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரையும் மில்லி கிராமையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

போலி மருந்தோ என்ற சந்தேகம் வந்தால் அதற்கு வழி இருக்கிறது. மலேசியாவில் விற்கும் மருந்துக்கு எல்லாம் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம், நாம் என்.பி.ஆர்.ஏ. என்று சொல்வது, அதன் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் யார் தயாரித்தது, யார் பதிவு செய்தது என்று வந்துவிடும். பெட்டியில் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். பிராண்டும் ஜெனரிக்கும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

விலை விஷயத்தில் தனியாருக்கும் அரசாங்கத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட், மருந்துக்குத் தனியாகக் கை நீட்டமாட்டார்கள். தனியாரில் ஒவ்வொரு குப்பியும் பில்லில் ஏறும். 9 குப்பி என்றால் 9 குப்பிக்கும் விலை, அங்கேதான் பிராண்டா ஜெனரிக்கா என்பது குடும்பத்தின் சம்பளத்தைத் தொடுகிறது. வரி வரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குங்கள். 2025 மே 1 முதல் தனியார் மருத்துவ இடங்களும் மருந்தகங்களும் மருந்து விலையைக் காட்டி வைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது, அதனால் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. “ஜெனரிக் இருந்தால் அதையே போடுங்கள்” என்று அட்மிஷன் நேரத்திலேயே சொல்லிவிடலாம். ஆனால் இருப்பதை ஏற்றட்டும். கம்பெனி பெயருக்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கச் சொல்லாதீர்கள்.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசர நிலை. வீட்டில் நடந்தால் மணியைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், 999-க்கு அழையுங்கள். கையில் இரும்புச் சாவியைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது நம் வீடுகளில் இன்னும் நடக்கிறது. சாவி வலிப்பை நிறுத்தாது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நீங்கள் சரியாகச் சொன்னால் எங்களுக்கு அது பெரிய உதவி.

வலிப்பு அடங்கி, விழுங்க முடிந்ததும், வேளாவேளைக்கு ஏற்றிவந்த ஊசியை நிறுத்திவிட்டு அதே அளவில் மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஊசியும் மாத்திரையும் மில்லி கிராமுக்கு மில்லி கிராம் சமம், கணக்கு மாறாது. வீட்டுக்குக் கிளம்பும் முன் மருந்தகத்தில் கேளுங்கள்: கடைசி ஊசி எத்தனை மணிக்கு ஏறியது, முதல் மாத்திரை எத்தனை மணிக்கு? அந்த இரண்டு நேரத்தையும் மருந்துப் பையின் மேலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.